நம்பகப் பட்டியலில் முதலிடம் பிடித்த காருக்காகக் கடனை நீட்டலாமா?

கேள்வி: எங்கள் காருக்கு நான்கு வயது. வாரண்டி முடிந்துவிட்டது. ஏழு வருடக் கடனில் மூன்று வருடத் தவணை இன்னும் பாக்கி. இதுவரை பெரிய செலவு எதுவும் வைக்கவில்லை. ஒரு முறை பேட்டரி மாற்றினேன், டச் ஸ்கிரீன் அவ்வப்போது போனோடு இணைய மறுக்கிறது, அவ்வளவுதான். ஆனால் நம்பகத்தன்மைப் பட்டியல் ஒன்றில் எங்கள் பிராண்டு கடைசி வரிசையில் இருக்கிறது. "இனிமேல்தான் இது பணத்தைத் தின்னும். பட்டியலில் முதலில் இருப்பதை வாங்கு, பழைய பாக்கியைப் புதுக் கடனோடு சேர்த்துக்கொள்ளலாம்" என்கிறார் மைத்துனர். அந்தக் கார் 5 ஸ்டார் வாங்கியதும்கூட. முந்தைய காரையும் நான் நான்காம் வருடம்தான் மாற்றினேன். பட்டியலை நம்பி இறங்கலாமா?

பதில்: பட்டியலைவிட என்னைக் கவலைப்பட வைப்பது, போகிறபோக்கில் நீங்கள் எழுதியிருக்கும் அந்த "நான்காம் வருடம்". நம்பகமான வண்டி வேண்டும் என்று தேடிக் கூடுதல் விலை கொடுப்பவருக்கு அதன் பலன் எப்போது கைக்கு வரும்? வாரண்டி இருக்கும்வரை பழுதுச் செலவு கம்பெனியின் கணக்கு. நல்ல வண்டிக்கும் சுமாரான வண்டிக்கும் செலவில் வித்தியாசம் தெரிய ஆரம்பிப்பதே ஐந்தாம் வருடத்துக்குப் பிறகுதான். அப்போது வண்டி உங்களிடம் இருப்பதில்லை. நல்ல பெயருள்ள பிராண்டு விற்கும்போது கொஞ்சம் கூடுதலாகப் போகும் என்பது உண்மை. ஆனால் உங்கள் கடன் அதையும் விழுங்கிவிடுகிறது.

கணக்கைப் பாருங்கள். கார் வாங்கிய விலையை 100 பங்கு என்று வைத்துக்கொள்வோம். முன்பணம் 10, கடன் 90, வட்டி ஆண்டுக்கு 10 சதவீதம், ஏழு வருடம். மாதத் தவணை ஏறத்தாழ 1.5 பங்கு வரும். நான்கு வருடத்தில் முன்பணத்தையும் சேர்த்து நீங்கள் கட்டியது 82. அதில் 28 வட்டிக்கே போய்விட்டது. கடன் பாக்கி இன்னும் 46. நான்கு வயதுக் கார் எக்ஸ்சேஞ்சில் 45 பெற்றுத் தந்தால் நல்ல விலை. ஆக, 82 கட்டிய பிறகும் உங்கள் கையில் ஒன்றும் இல்லை. ஒரு பங்கு கடன்தான் மிச்சம். உங்கள் வட்டி விகிதம் சற்று முன்பின் இருக்கலாம், படம் மாறாது.

மைத்துனர் காட்டும் கார் 120 பங்கு விலை என்று கொள்ளுங்கள். முன்பணத்துக்கு வழியில்லாததால் முழுவதும் கடன், தவணை 2 பங்கு. முதல் வருட வட்டி சுமார் 11. அதே வருடத்தில் புது வண்டி இழக்கும் மதிப்பு சுமார் 20. ஒரே வருடத்தில் 30 பங்கு கரைகிறது. இப்போதைய காருக்கு அதே வருடத்தில் கிளட்ச், முன்பக்க சஸ்பென்ஷன், பேட்டரி, நான்கு டயர் எல்லாமே ஒன்றாக வந்தாலும் 10 பங்கைத் தாண்டுவது அரிது. பழுதுக்குப் பயந்து மூன்று மடங்கு செலவை ஏற்கலாமா?

இனி பட்டியல். அது பொய்யில்லை, ஆனால் எதை அளக்கிறது என்று பார்த்துப் படிக்க வேண்டும். 5 ஸ்டாரை முதலில் ஒதுக்கி வையுங்கள். அது மோதினால் உள்ளே இருப்பவர்களுக்கு என்ன ஆகும் என்ற சோதனை. கியர்பாக்ஸ் எத்தனை வருடம் உழைக்கும் என்று அதற்குத் தெரியாது.

அமெரிக்காவின் ஜே.டி. பவர் நிறுவனம், மூன்று வயதான வண்டிகளின் முதல் உரிமையாளர்களிடம் கடந்த 12 மாதத்தில் என்னென்ன பிரச்சினை என்று கேட்டு, 100 வண்டிக்கு இத்தனை என்று வெளியிடுகிறது. ஒரு பிராண்டுக்கு 150, இன்னொன்றுக்கு 200 என்றால் முன்னது பட்டியலின் மேல் பக்கம், பின்னது அதற்குப் பல இடம் கீழே. ஒரு வண்டிக்கு வகுத்தால் வருடத்துக்கு 1.5, 2. வித்தியாசம் அரைப் பிரச்சினை! அந்த எண்ணிக்கையில் போன் இணையாததும் ஒன்று, கியர்பாக்ஸ் போனதும் ஒன்று. டச் ஸ்கிரீன், புளூடூத், குரல் கட்டளை தொடர்பான புகார்கள்தான் அந்த ஆய்வில் அதிகம். உங்கள் வண்டியைப் பற்றிக் கேட்டிருந்தால் அதுவும் ஒரு எண்ணைக் கூட்டியிருக்கும், பைசா செலவில்லாமல்.

அமெரிக்க நுகர்வோர் அமைப்பான கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் தன் உறுப்பினர்களிடம் கேட்டு, எஞ்சின், கியர்பாக்ஸ் என்று வண்டியின் பகுதிவாரியாகக் கட்டம் போட்டுப் பிரித்துக் காட்டுகிறது. இது பயனுள்ளது. ஆனால் புதுக் காருக்கு அது தருவது கணிப்பு. அதே மாடலின் முந்தைய வருடங்களை வைத்துச் சொல்வது. எஞ்சினும் கியர்பாக்ஸும் மாறிய புதுத் தலைமுறை வண்டி என்றால் பிராண்டின் பழைய சரித்திரத்தையே நம்ப வேண்டியிருக்கிறது. ஜெர்மனியின் வாகன ஓட்டிகள் சங்கமான ஏடிஏசி, சாலையில் நின்றுபோன வண்டிகளுக்கு உதவப் போனதை எண்ணுகிறது; அங்கே முதல் குற்றவாளி பெரும்பாலும் 12 வோல்ட் பேட்டரி. அதே நாட்டின் டியூவ் அறிக்கை, வண்டிகளுக்கான கட்டாயப் பரிசோதனையில் சிக்கிய குறைகளை எண்ணுகிறது. நெடுந்தூரம் ஓடும் மாடல்கள் அதில் இயல்பாகவே கீழே இறங்கும்.

ஆகவே ரேங்கை விட்டுவிட்டு, கன்ஸ்யூமர் ரிப்போர்ட்ஸ் தருவதுபோன்ற பகுதிவாரிக் கட்டத்தைப் படியுங்கள். எஞ்சின், கியர்பாக்ஸ், குளிரூட்டும் அமைப்பு, ஹைபிரிட் என்றால் அதன் பேட்டரி: செலவு வைப்பவை இவை. இந்த வரிசைகளில் ஒரே தலைமுறையின் இரண்டு, மூன்று வருடங்களிலும் மோசமான குறி இருந்தால் அந்த மாடலைத் தவிர்க்கலாம். ஆடியோ, ஸ்கிரீன் வரிசையில் மட்டும் குறை என்றால் தாண்டிப் போங்கள். ஒரே மாடலில் மேனுவல் கியர்பாக்ஸும் டூயல் கிளட்ச் என்ற ஒருவகை ஆட்டோமேட்டிக்கும் இருந்தால் குறி எதற்கு என்று பாருங்கள், இரண்டின் ஆயுளும் ஒன்றல்ல. புதுத் தலைமுறை வந்த முதல் வருடத்தில் வாங்காமல் இருப்பது, பட்டியலில் பத்து இடம் மேலே போவதைவிட உதவும். பட்டியலின் வேலை ஐந்து காரை இரண்டாகக் குறைப்பது. இருக்கிற காரை விற்கச் சொல்வது அதன் வேலை இல்லை.

ஷோரூமில் நீட்டிக்கப்பட்ட வாரண்டியைக் கடனிலேயே சேர்த்துத் தருவார்கள். வேண்டாம். கிளட்ச் தட்டு, பிரேக் பேட், சஸ்பென்ஷன் புஷ், பேட்டரி, டயர் என்று வயதான வண்டியில் நிஜமாகத் தேய்பவை பெரும்பாலும் அதில் விலக்கு. ஒரு சர்வீஸ் தவறினாலே கோரிக்கையை நிராகரிக்கலாம். அதற்கு ஏழு வருடம் வட்டி வேறு. கடைசியில் பெருந்தொகை ஒன்றை நிறுத்திவைத்துத் தவணையைச் சிறிதாகக் காட்டும் திட்டங்களும் வேண்டாம். நான்கு வருடத்துக்கு ஒரு கார் என்ற உங்கள் பழக்கத்தை அவை நிரந்தரமாக்கிவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியது இது. மீதி 36 தவணையைக் கட்டி முடியுங்கள். அதில் இனி வட்டி 7 அல்லது 8 பங்குதான். தவணையில் ஐந்தில் ஒரு பங்கை மாதாமாதம் தனிக் கணக்கில் பழுதுக்கென்று போடுங்கள், வருடத்துக்கு 3.6 பங்கு சேரும். பிரேக் ஆயில், கூலன்ட் மாற்றும் கெடு தாண்டியிருந்தால் இப்போதே மாற்றுங்கள். கியர்பாக்ஸ் ஆயில் "ஆயுள் முழுக்க" என்று கையேட்டில் இருந்தாலும் நல்ல மெக்கானிக்கிடம் காட்டிக் கேளுங்கள். எஞ்சினில் டைமிங் பெல்ட் இருந்தால் அதன் கிலோமீட்டர் கெடுவைத் தள்ளிப் போடாதீர்கள். அறுந்தால் பல எஞ்சின்களில் வால்வும் பிஸ்டனும் மோதிக்கொள்ளும்.

கடன் முடிந்த பிறகு மூன்று வருடம் காரை வைத்துக்கொண்டு அதே 1.5 பங்கைச் சேமித்தால் வட்டி இல்லாமலே 54 பங்கு சேரும். அடுத்த காரின் பாதி விலை அது. அப்போது கடன் வாங்கினாலும் நான்கு வருடத்துக்கு மேல் வேண்டாம். மைத்துனரிடம் இந்தக் கணக்கையே காட்டுங்கள், தவணையில் பாதியைக் கட்ட அவர் முன்வந்தாலொழிய.

ஒரே ஒரு விதிவிலக்கு உண்டு. ஷோரூமோடு தொடர்பில்லாத மெக்கானிக் ஒருவர் வண்டியைப் பார்த்து, எஞ்சினிலோ கியர்பாக்ஸிலோ பழுது என்று எழுத்தில் மதிப்பீடு கொடுத்து, அந்தத் தொகை காரின் இன்றைய விலையில் பாதியைத் தாண்டினால் விற்றுவிடலாம். அப்போதும் பழைய பாக்கியைத் தனியாக அடைத்துவிட்டு, நல்ல நிலையில் உள்ள நான்கைந்து வயதுக் காரைத் தேடுங்கள். அந்தப் பகுதிவாரிக் கட்டங்கள் மிக அதிகம் உதவுவது அங்கேதான். அந்த மாடலின் ஐந்து வருட உண்மை அதில் ஏற்கெனவே பதிவாகியிருக்கும்.