வைஃபை அறுந்தால் மதர்போர்டை மாற்ற வேண்டுமா?

கேள்வி: நான் கல்லடியில் வசிக்கும் ஆசிரியை. உபுண்டு நிறுவிய என் மடிக்கணினியில் வைஃபை குறி முழுதாகவே காட்டுகிறது. ஆனால் அடிக்கடி பக்கம் திறக்க மறுக்கிறது, சூம் வகுப்பு நின்றுவிடுகிறது. சற்று நேரத்தில் தானாகச் சரியாகிறது. அதே மேசையில் போன் ஒழுங்காக வேலை செய்கிறது. “மதர்போர்டு போய்விட்டது, மாற்றுங்கள், இல்லையென்றால் யூ.எஸ்.பி. வைஃபை வாங்குங்கள்” என்கிறார் கடைக்காரர். என்ன செய்யட்டும்?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம், ரீச்சர். பழுதான மதர்போர்டு தானாகக் குணமாவதை நான் கண்டதில்லை.

ரவுட்டரோடு சேர்வதை லினக்ஸ் கேர்னல் (உபுண்டுவின் மைய நிரல்) நான்கு நிலைகளாகக் கணக்கு வைக்கிறது: தொடர்பில்லை, அறிமுகமாயிற்று, சேர்ந்தாயிற்று, அனுமதி கிடைத்தது. கடவுச்சொல் சரிபார்ப்பு பெரும்பாலும் கேர்னலுக்கு வெளியே வேறொரு நிரலில் நடக்கும். அது முடிந்த பிறகே உங்கள் தரவு வெளியே போகும். சேர்ந்த பின்னும் ரவுட்டர் வழக்கமாக நொடிக்குப் பத்துத் தடவையளவில் ‘பீக்கன்’, அதாவது ‘நான் இங்கே இருக்கிறேன்’ என்ற சிறு அறிவிப்பு, அனுப்பிக்கொண்டிருக்கும். ஏழெட்டுப் பீக்கன் தொடர்ந்து தவறினால் கணினி சந்தேகப்பட்டு ரவுட்டரைக் கூப்பிட்டுப் பார்க்கும். பதில் வராவிட்டால் இணைப்பை முறித்துவிடும்.

முறிவுகளுக்கான காரண எண்ணையும் கேர்னல் எழுதிவைக்கிறது. அதை மறைத்துவிட்டு ‘துண்டிக்கப்பட்டது’ என்று ஒற்றை வரி காட்டும் திரையை யார் வடிவமைத்தார்களோ! சேவை நிறுவனத்துக்கு அழைத்தாலோ, ரவுட்டரை அணைத்துப் போடுங்கள் என்ற பழைய பாட்டுத்தான்.

உபுண்டுவின் ‘லொக்ஸ்’ செயலியில் ‘ஓல்’ (எல்லாம்) பகுதியைத் திறந்து, வகுப்பு நின்ற நேரத்துக்கு நேரே பாருங்கள். ‘டிஓதென்டிகேட்டட் ஃபிரம்’ என்றிருந்தால் வெட்டியது ரவுட்டர். ‘பை லோக்கல் சொய்ஸ்’ என்றிருந்தால் உங்கள் கணினி. எண் 15 என்றால் கடவுச்சொல் சரிபார்ப்பின்போது நடக்கும் சாவிப் பரிமாற்றம் உரிய நேரத்தில் முடியவில்லை. கடவுச்சொல்லையும் சிக்னலையும் பாருங்கள்.

எண் 3 பற்றி மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும், இதைக் காட்டித்தான் பலரைப் பயமுறுத்துகிறார்கள். மடிக்கணினியை மூடியதும் அது உறங்கப் போகிறது. போகுமுன் கேர்னல் தானே ரவுட்டரிடம் விடைபெற்று, எண் 3 என்று எழுதும். திறந்ததும் முதல் நிலையிலிருந்து மறுபடி சேரும். நீங்களே வைஃபையை அணைத்தாலும், வேறு வைஃபைக்கு மாறினாலும் இதே எண்தான். ஆகவே மூடித் திறந்த நேரத்தில் எண் 3 இருந்தால் அது பழுதே அல்ல. வகுப்பு நடுவில் வந்தால்தான் கவனிக்கவேண்டும்.

நீங்கள் சொல்வதுபோல் குறி முழுதாக இருக்கும்போதே பக்கம் திறக்காமல், பதிவில் முறிவும் இல்லையென்றால், என் முதல் சந்தேகம் மின்சேமிப்பு. வேலையில்லாத நேரத்தில் வைஃபை அட்டை கண்ணயர்கிறது. அதுவரை ரவுட்டர் தரவைத் தேக்கி வைத்து, பீக்கனில் தகவல் சொல்லவேண்டும். சில ரவுட்டரும் சில அட்டையும் இதில் ஒத்துப்போவதில்லை. இணைப்புகளைக் கவனிக்கும் நெட்வொர்க் மேனேஜர் நிரலின் அமைப்புக் கோப்புறையில் ‘டிஃபோல்ட் வைஃபை பவர்சேவ் ஒன்’ என்ற கோப்பு இருக்கும். மின்சேமிப்பை நிறுத்த, அதில் 3 என்பதை 2 ஆக்கிக் கணினியை மீள இயக்குங்கள். கணினி தெரிந்த மாணவர் ஒருவருக்கு இது சில நிமிட வேலை. பற்றரி சற்று விரைவாக இறங்கும், அவ்வளவுதான்.

யூ.எஸ்.பி. விடயத்தில் கவனமாக இருங்கள். மட்டக்களப்பானாலும் கல்முனையானாலும் விற்பவர் கையில் விண்டோஸுக்கான டிரைவர் (கருவியை இயக்கும் நிரல்) சிடி இருக்கும். லினக்ஸ் பற்றிக் கேட்டால் “எல்லாவற்றிலும் ஓடும்” என்பார். ஒரே பெயர், ஒரே பெட்டி. பதிப்பு மாறினால் உள்ளே சிப் வேறு. கேர்னலில் டிரைவர் இல்லாத சிப்புக்கு இணையத்தில் எங்கிருந்தோ எடுத்ததைப் போட்டுத் தருவார்கள். அடுத்த கேர்னல் புதுப்பிப்போடு அது நின்றுபோகலாம். மறுபடி கடை, மறுபடி காசு. வாங்கியே ஆகவேண்டுமென்றால் மடிக்கணினியைக் கடைக்கே கொண்டுபோய், எதையும் நிறுவவிடாமல் செருகிப் பாருங்கள். வைஃபை பட்டியல் வந்து, இணைந்து, பக்கமும் திறந்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.