14 நாவல்கள், 24 எபிசோடுகள்

(மிகைபுனைவு நாவல் வரிசைகள் தொலைக்காட்சித் தொடர்களாவது குறித்து வாசகர்கள் அனுப்பிய கேள்விகளும் அவற்றுக்கான பதில்களும்.)

கேள்வி: ‘வீல் ஆஃப் டைம்’ நாவல்கள் பதினான்கையும் கல்லூரிக் காலத்தில் ஒன்றுவிடாமல் படித்தவன் நான். அமேசான் பிரைம் தொடரின் முதல் சீசனைப் பார்த்துவிட்டு, கதையை மாற்றிவிட்டார்கள், பெண்களுக்குக் கூடுதல் இடம் கொடுத்துவிட்டார்கள் என்று வெறுத்துப்போய் நிறுத்திவிட்டேன். இப்போது மூன்றே சீசன்களோடு தொடரையே நிறுத்திவிட்டார்கள். என்னைப் போன்றவர்கள் முகம் சுளித்ததுதான் அதற்குக் காரணம் என்று என் தம்பி சண்டை பிடிக்கிறான். அவன் சொல்வது சரியா? (வாசகர், திருநெல்வேலி)

பதில்: உங்கள் தம்பி உங்களுக்குத் தகுதிக்கு மீறிய பலத்தைக் கொடுக்கிறார். 2021 நவம்பரில் தொடங்கிய அந்தத் தொடரை, மூன்றாம் சீசன் முடிந்த சில வாரங்களுக்குள், 2025 மே மாதத்தில் அமேசான் கைவிட்டது. எடுப்பதற்கு ஆன பெருஞ்செலவை நியாயப்படுத்தும் அளவுக்குப் பார்வையாளர்கள் சேரவில்லை என்பதே அப்போது வெளிவந்த செய்திகளின் சாரம். நாவலைப் படித்தவர்களின் முணுமுணுப்பு பெரிதும் அடங்கி, அவர்களே பாராட்டத் தொடங்கிய மூன்றாம் சீசனுக்குப் பிறகுதான் கத்தி விழுந்தது என்பதைத் தம்பியிடம் சொல்லுங்கள்.

ஆனால் உங்கள் வெறுப்பு நியாயமானதா என்பது வேறு கேள்வி. ராபர்ட் ஜோர்டன் 1990-இல் தொடங்கி, 2007-இல் அவர் மறைந்த பிறகு பிராண்டன் சாண்டர்சன் கடைசி மூன்று நாவல்களை எழுதி 2013-இல் நிறைவுசெய்த கதை அது. தொடரில் மொய்ரேனாக நடித்த ரோஸமண்ட் பைக்கே முதல் நாவலை ஒலிநூலாக வாசித்திருக்கிறார். அதைக் கேட்டு முடிக்க 30 மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு சீசனுக்குக் கிடைத்ததோ எட்டு எபிசோடுகள், அதாவது ஏறக்குறைய எட்டு மணி நேரம். நான்கில் மூன்று பங்கு உதிர்ந்தே தீரும் என்ற நிலையில், ‘இந்தக் காட்சி எங்கே, அந்தப் பாத்திரம் எங்கே’ என்று பட்டியல் வைத்துக்கொண்டு பார்த்தால் எந்தத் தொடரும் தேறாது. உதிர்ந்தவற்றை விட்டுவிட்டு, சேர்த்தவையும் மாற்றியவையும் கதையின் காரண காரியத்தைக் குலைத்தனவா என்று பார்ப்பதே முறை. அப்படிப் பார்த்தால் உங்கள் கோபத்தில் பாதி நிற்கிறது.

நாயகனின் நண்பன் பெரினை எடுத்துக்கொள்ளுங்கள். நாவலில் அவன் திருமணமாகாத கொல்லன் பட்டறைப் பையன். சினத்தில் இரண்டு பேரைக் கொன்ற பிறகு தன் கையிலுள்ள கோடரியைப் பார்த்துத் தானே அஞ்சத் தொடங்குகிறான். கோடரியா சுத்தியலா என்ற அந்தத் தடுமாற்றம் மெல்ல மெல்ல வளர்ந்து, பத்தாவது நாவலில்தான் அவன் கோடரியைத் துறக்கிறான். எட்டு மணி நேரத்தில் இதைச் சொல்ல வழி தெரியாத திரைக்கதை, முதல் எபிசோடிலேயே அவனுக்கு ஒரு மனைவியைக் கொடுத்து, ட்ராலாக் அரக்கர்கள் ஊரைத் தாக்கும் அமளியில் அவளை அவன் கையாலேயே தவறுதலாகக் கொல்லவைத்தது. அச்சத்துக்கு ஒரு காரணம் கிடைத்துவிட்டது உண்மைதான். ஆனால் மனைவியைக் கொன்றவனின் துயரம் என்பது சில எபிசோடுகளில் கடந்துபோகக்கூடிய சங்கதியா? பின்னால் ஃபாயில் என்ற பெண்ணுடன் அவனுக்கு மலரும் காதல் முழுவதும், எழுத்தாளர்கள் தாங்களே வலிய இழுத்துப்போட்டுக்கொண்ட இந்தச் சுமையின்மேல்தான் நடக்க வேண்டியிருந்தது.

இன்னொன்று, முதல் சீசனின் இறுதிக் காட்சிகள். பிணம்போல் கிடக்கும் நைனீவை அவள் ஊர்ப்பெண் எக்வீன் மீட்டெடுப்பதாகத் தோன்றும் இடம் நினைவிருக்கும். ‘மரணத்தை எவராலும் குணப்படுத்த முடியாது’ என்பது நாவல் உலகின் அடிப்படை விதிகளுள் ஒன்று; போதாக்குறைக்கு, குணப்படுத்தும் கலை எக்வீனுக்குச் சரியாகக் கைவராத கலை. மந்திரம் உள்ள கதையில்தான் விதி இறுக்கமாக இருக்க வேண்டும். எதுவும் நடக்கலாம் என்று ஒருமுறை காட்டிவிட்டால், அதற்குப் பிறகு யார் அடிபட்டு விழுந்தாலும் பார்ப்பவருக்குப் பதைப்பு வருவதில்லை.

பெண்களுக்குக் கூடுதல் இடம் கொடுத்துவிட்டார்கள் என்ற உங்கள் குறையை மட்டும் நான் ஏற்கவில்லை. பெண்கள் கையில் அதிகாரம் குவிந்திருக்கும் உலகத்தை உண்டாக்கியவர் ஜோர்டனே.

கேள்வி: அதே தொடரில் மாட் பாத்திரத்தை முதல் சீசனின் கடைசியில் அடியோடு காணோம். நாவலில் அவன் இறுதிவரை உடன் செல்கிறானே! இது அலட்சியம் இல்லையா? (வாசகி, ஈரோடு)

பதில்: அலட்சியமில்லை, நெருக்கடி. 2020-இல் கோவிட் காரணமாகப் படப்பிடிப்பு நின்றது. மீண்டும் தொடங்கியபோது மாட்டாக நடித்துவந்த பார்னி ஹாரிஸ் திரும்பவில்லை. எஞ்சியிருந்த இரண்டு எபிசோடுகளையும் அவன் இல்லாமலே மாற்றி எழுதினார்கள். இரண்டாம் சீசனிலிருந்து டோனல் ஃபின் அந்த வேடத்தை ஏற்று, மூன்றாம் சீசனில் நாவல் வாசகர்களின் மனத்தையும் வென்றுவிட்டார்.

கேள்வி: ‘கேம் ஆஃப் த்ரோன்ஸ்’ நாவலை விட்டு விலகியதால்தான் கெட்டுப்போனது என்று எல்லோரும் சொல்கிறார்கள். நாவலை அப்படியே பின்பற்றியிருந்தால் கடைசி சீசன் நன்றாக இருந்திருக்குமா? (வாசகர், யாழ்ப்பாணம்)

பதில்: கடைசி சீசன்களுக்குப் பின்பற்ற நாவலே இருக்கவில்லை. ஜார்ஜ் ஆர்.ஆர். மார்ட்டினின் ஐந்தாவது நாவல் வெளிவந்தது 2011 ஜூலையில், தொடரின் முதல் சீசன் முடிந்த அடுத்த மாதம். 2019 மே மாதம் தொடர் முடிந்தபோதும் ஆறாவது நாவல் வரவில்லை. இல்லாத நூலிலிருந்து விலகினார்கள் என்று குற்றம் சாட்டுவது எப்படி?

விலகல் முதல் சீசனிலேயே தாராளமாக இருந்தது. நாம் அதைப் பொருட்படுத்தவில்லை என்பதுதான் சுவையான செய்தி. நாவலில் டிரியன் லானிஸ்டர் ஒரு பெரும் போரில் கோடரியெடுத்துப் போரிடுகிறான். தொடரில் அவன் களத்துக்குப் புறப்படும்போதே சொந்தப் படையைச் சேர்ந்தவனின் சுத்தியல் தலையில் பட்டு மயங்கி விழுகிறான். கண் விழிக்கும்போது போர் முடிந்து பிணங்கள் கிடக்கின்றன. போரை எடுக்கப் பணமில்லை, எடுக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் டிரியனின் தந்தை தைவினை எதிர்த்து வந்தது கண்துடைப்புப் படை, எதிரணியின் ராப் ஸ்டார்க் வேறு பக்கம் சென்று டிரியனின் அண்ணன் ஜேமியைச் சிறைபிடித்துவிட்டான் என்ற விளைவு அப்படியே இருந்தது. கதை ஒரு அங்குலம்கூட நகரவில்லை. ஆகவே சிரித்துவிட்டுத் தொடர்ந்து பார்த்தோம்.

இதற்கு நேர்மாறானது ஏழாம் சீசனில் வருகிறது. தொடரின் முதல் எபிசோடில் மன்னரின் பரிவாரம் தலைநகரிலிருந்து வடக்கே வின்டர்ஃபெல் கோட்டைக்கு வந்து சேர ஒரு மாதம் பிடித்தது என்று அரசியே சலித்துக்கொள்வாள். அந்தத் தொலைவுதான் கதையின் பாதி விபரீதங்களுக்குக் காரணம்: கடிதம் தாமதமாகும், உதவி பிந்தும், பொய் முந்திக்கொள்ளும். ஏழாம் சீசனிலோ, நாட்டின் வட எல்லையிலுள்ள பெருஞ்சுவருக்கு வடக்கே பனியேரியில் சிக்கிக்கொண்டவர்களுக்காக ஒருவன் சுவர் வரை ஓடிப்போய்ச் சேதி சொல்லி, அங்கிருந்து காகம் தெற்கே டிராகன்ஸ்டோன் வரை பறந்து, டெனேரிஸ் டிராகன்களோடு வந்து சேர்வது எல்லாம் ஓரிரவுக்குள் முடிந்துவிட்டதுபோல் தோன்றுகிறது. புத்தகத்தைத் தொட்டறியாதவர்களும் இதைக் கண்டு நெளிந்தார்கள். எட்டாம் சீசனைத் திறமையான எழுத்தாளர்களைக் கொண்டு மீண்டும் எடுக்க வேண்டும் என்ற இணைய மனுவில் 10 லட்சம் பேருக்கு மேல் கையெழுத்திட்டார்கள். மனுவெல்லாம் மிகை என்பேன். ஆனால் டெனேரிஸ் நகரத்தை எரிப்பாள் என்ற முடிவைவிட, அந்த முடிவுக்கு அவள் வந்து சேர்வதற்கு ஆறே எபிசோடுகள் கொண்ட சீசனில் நேரம் கொடுக்கப்படவில்லை என்பதுதான் பெரும்பாலோரின் மனத்தாங்கல் என்று நினைக்கிறேன்.

கேள்வி: மூல ஆசிரியரே தயாரிப்பில் இருந்தால் இந்தத் தொல்லை தீருமா? (வாசகர், புதுச்சேரி)

பதில்: பாதி தீரும். ‘பெர்சி ஜாக்சன்’ நாவல்களை ஒட்டி 2010-லும் 2013-லும் வந்த திரைப்படங்கள் ஆசிரியர் ரிக் ரியோர்டனுக்கே பிடிக்கவில்லை. பன்னிரண்டு வயதுச் சிறுவனைப் பதின்பருவ இளைஞனாக்கிவிட்டார்கள் என்பது அவருடைய ஆட்சேபங்களுள் ஒன்று. 2023 டிசம்பரில் டிஸ்னி பிளஸ்ஸில் வந்த தொடரை உருவாக்கியவர்களுள் அவரே ஒருவர். வயது சரியாயிற்று, தொனி சரியாயிற்று. ஆனால் நாவலில் பிள்ளைகள், பார்த்தவரைக் கல்லாக்கும் மெடூசாவின் கடையிலும் லோட்டஸ் சூதாட்ட விடுதியிலும் ஒன்றும் தெரியாமல் நுழைந்து மாட்டிக்கொள்வார்கள். மிரண்டுபோய் நாம் பக்கம் புரட்டுவோம். தொடரில் அவர்களுக்கு ஆபத்து இன்னதென்று சட்டென விளங்கிவிடுகிறது. ஆசிரியர் பக்கத்திலேயே இருந்தும் பயம் போய்விட்டது. தாம் எழுதியதையே இன்னொரு முறை எழுதக் கிடைத்த வாய்ப்பை எந்த எழுத்தாளர்தான் சும்மா விடுவார்?

கேள்வி: ஹாரி பாட்டர் புதிய தொடரில் நாயகனுக்குப் பச்சைக் கண் இருந்தே ஆக வேண்டும் என்கிறாள் என் மகள். பள்ளி ஆசிரியர் ஸ்னேப்பாக நடிப்பவர் நாவல் வர்ணனைக்குப் பொருந்தவில்லை என்கிறான் மகன். இருவரில் யார் பக்கம் நிற்பது? (வாசகி, கோயம்புத்தூர்)

பதில்: மகளின் பக்கம், ஆனால் முழுமையாக இல்லை. திரைப்படங்களில் டேனியல் ராட்கிளிஃபின் கண்கள் நீலம். பச்சை நிறக் கண்வில்லை அவருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. அதனால் பெரிய நட்டமில்லை. ‘உனக்கு உன் அம்மாவின் கண்கள்’ என்று எல்லோரும் அவனிடம் சொல்வதுதான் கதைக்கு உயிர்நாடி. ஆகவே தாய்க்கும் மகனுக்கும் ஒரே நிறக் கண்கள் இருந்தால் போதும், அது எந்த நிறமானாலும் சரி. இறுதிப் படத்தில் ஸ்னேப்பின் நினைவுகளில் சிறுமியாக வரும் ஹாரியின் தாய் லில்லிக்கோ பழுப்புக் கண்கள்! ஸ்னேப் சாகும் தறுவாயில் ஹாரியின் கண்களைப் பார்க்க விரும்பியதன் பொருள் விளங்க வேண்டிய இடத்திலேயே இந்தப் பிழை.

மகனுக்கு இதே அளவுகோலைக் கொடுங்கள். ‘வீல் ஆஃப் டைம்’ நாயகன் ராண்டின் உயரமும் செம்பட்டை முடியும் முக்கியம். ஏனெனில் அவன் யார் பெற்ற பிள்ளை என்ற ஐயம் எழுவதே அந்தத் தோற்றத்தால்தான். ஸ்னேப்பிடம் கதை கேட்பது கசப்பும் கூர்மையும் மறைத்துவைத்த ஒரு காதலும். பாப்பா எஸியேடு அவற்றைக் கொண்டுவருகிறாரா என்று பார்த்துவிட்டுப் பேசலாம். ‘பெர்சி ஜாக்சன்’ தொடரில் அனபெத் வேடத்துக்கு லியா ஜெஃப்ரிஸ் தேர்வானபோது ஒரு சிறுமியின்மீது இணையத்தில் கொட்டப்பட்ட வசையை ரசிகர்களின் எதிர்பார்ப்பு என்று சொல்ல எனக்கு நா எழவில்லை. ரியோர்டன் அதை இனவெறி என்றே வெளிப்படையாகக் கண்டித்தார்.

கேள்வி: அந்தப் புதிய ஹாரி பாட்டர் தொடரில், திரைப்படங்களில் விடுபட்டவை எல்லாம் வந்துவிடும் என்று நம்பலாமா? (வாசகர், சேலம்)

பதில்: எல்லாம் வராது, நிறைய வரலாம். ஒரு நாவலுக்கு ஒரு சீசன் என்பது ஹெச்பிஓவின் திட்டம். பிரான்செஸ்கா கார்டினர் தலைமை எழுத்தாளர். 2025 ஜூலையில் படப்பிடிப்பு தொடங்கியது. ஏழு நாவல்களில் மிக நீளமானது ஐந்தாவது. அதன் திரைப்படமோ 138 நிமிடங்கள்தான். குறும்புப் பேயான பீவ்ஸாக ரிக் மேயால் நடித்தும், அவர் நடித்த காட்சிகள் முதல் படத்திலிருந்து வெட்டப்பட்டன. இவையெல்லாம் திரும்பி வந்தால் மகிழ்ச்சியே.

நான் எதிர்பார்ப்பது வேறு. வகுப்பு, வீட்டுப்பாடம், விருந்து, பரீட்சைக் காய்ச்சல் என்று ஒன்றும் நடக்காத நாட்களை நாவல்களில் ஏராளமாகப் படித்தோம். ஹாக்வார்ட்ஸ் பள்ளி ஹாரிக்கு வீடாகிப்போனது அந்த நாட்களில்தான். திரைப்படத்துக்கு அதற்கு நேரமில்லை, தொடருக்கு உண்டு. கவலை ஒன்றுமட்டும் இருக்கிறது. கதையில் ஆண்டுக்கு ஒரு வகுப்பாகப் பிள்ளைகள் வளர்கிறார்கள். ‘வீல் ஆஃப் டைம்’ முதல் சீசனுக்கும் மூன்றாம் சீசனுக்கும் இடையே மூன்று ஆண்டுகளுக்கு மேல் ஓடிவிட்டன. அந்த வேகத்தில் போனால், பள்ளியை முடிப்பதற்குள் நடிகர்களுக்கு மீசை நரைக்காவிட்டாலும் கல்லூரி முடிந்திருக்கும்.

கேள்வி: நான் நாவல் எதையும் படித்ததில்லை. பாதியில் நிற்கும் ‘வீல் ஆஃப் டைம்’ தொடரை இனித் தொடங்குவதில் பயனுண்டா? (வாசகி, மதுரை)

பதில்: உண்டு, முடிவு கிடைக்காது என்பதைத் தெரிந்துகொண்டு தொடங்கினால். முதல் சீசனைப் பொறுத்துக்கொள்ளுங்கள். மூன்றாம் சீசனின் நான்காவது எபிசோடுக்கு வந்து சேருங்கள். ராண்ட் பாலைவன நகரமொன்றில் கண்ணாடித் தூண்களினூடே நடக்கிறான். ஒவ்வோர் அடிக்கும் தன் மூதாதையருள் ஒருவனாகி, தலைமுறை தலைமுறையாகக் காலத்தில் பின்னோக்கிச் செல்கிறான். அந்த மூதாதையர் பலராகவும் ஜோஷா ஸ்ட்ராடோவ்ஸ்கி ஒருவரே நடித்திருக்கிறார். ஈட்டியே வாழ்க்கை என்றிருக்கும் ஐயீல் மக்கள், ஒரு காலத்தில் எந்த உயிரையும் துன்புறுத்துவதில்லை என்று சூளுரைத்தவர்கள் என்பது அங்கே தெரியவருகிறது. நாவலிலிருந்து எவ்வளவோ சுருக்கியிருக்கிறார்கள். ஆனால் அந்த உண்மையைத் தாங்க முடியாமல் ஒருவன் ஏன் சித்தம் கலங்கிச் சாகிறான் என்பது படிக்காத உங்களுக்கும் புரியும். பிடித்துப்போனால் நான்காவது நாவலான ‘தி ஷேடோ ரைசிங்’கை எடுத்து 25, 26-ஆம் அத்தியாயங்களைப் படித்துப் பாருங்கள். முந்தைய மூன்று நாவல்களைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். திருநெல்வேலி வாசகர் மன்னிப்பாராக.