புதிய தொழில்நுட்பம் வந்தும் உற்பத்தித்திறன் ஏன் உடனே உயர்வதில்லை?

கம்ப்யூட்டர், இணையம், ஏஐ என்று எல்லாம் வந்தும் உற்பத்தித்திறன் (ஒரு மணி நேர உழைப்பில் கிடைக்கும் உற்பத்தி) பெரிதாக ஏறவில்லையே, இதில் அரசு என்ன செய்ய முடியும் என்று கேட்டிருக்கிறீர்கள். கம்ப்யூட்டர் எங்கும் தெரிகிறது, உற்பத்தித்திறன் புள்ளிவிவரத்தில் மட்டும் காணோம் என்று 1987இலேயே பொருளாதார அறிஞர் ராபர்ட் சோலோ எழுதினார்.

மின்சாரத்தின் கதையைப் பார்த்தால் இது நன்றாகப் புரியும். எடிசனின் மின்நிலையம் நியூயார்க்கில் 1882இல் ஓடத் தொடங்கியது. அமெரிக்கத் தொழிற்சாலைகளுக்குப் பெரிய பலன் கிடைத்ததோ 1920களில்தான். நடுவில் என்ன நடந்தது? நீராவி எஞ்சினை எடுத்துவிட்டு, அதே இடத்தில் ஒரு பெரிய மோட்டாரை வைத்தார்கள். கூரையடியில் சுழலும் நீண்ட தண்டும், அதிலிருந்து ஒவ்வொரு எந்திரத்துக்கும் இறங்கும் தோல் பெல்ட்டும் அப்படியே இருந்தன. ஒரே ஒரு எந்திரம் ஓடவும் மொத்தத் தண்டும் சுற்றியாக வேண்டும். அப்புறம் எந்திரத்துக்கு ஒரு மோட்டார் என்று வந்தது. வேலை நகரும் வரிசையில் எந்திரங்களை வைக்க முடிந்தது, கட்டடத்தின் அமைப்பே மாறியது. வேலை செய்யும் முறை மாறிய பிறகுதான் பலன் வந்தது.

சரி, கொள்கைக்கு வருவோம். கருவி வாங்க மானியம் கொடுப்பது சுலபம். ஆட்களுக்குப் பயிற்சியும், வேலை இழப்பவர்களுக்கு இடைக்கால உதவியும்தான் அதைவிட முக்கியம் என்பேன்.

வட்டி விகிதமும் இதில் வரும். விலை வேகமாக ஏறும் என்று தோன்றினால் மத்திய வங்கி வட்டியை உயர்த்தும். ஆனால் மணிக்குக் கூடுதலாக உற்பத்தியானால், சம்பளம் உயர்ந்தாலும் விலை ஏற வேண்டியதில்லை. புள்ளிவிவரம் காட்டுவதைவிட உற்பத்தித்திறன் வேகமாக வளர்கிறது என்று கணித்துத்தான், அமெரிக்க மத்திய வங்கித் தலைவர் ஆலன் கிரீன்ஸ்பான் 1996இல் வட்டியை உயர்த்தாமல் பொறுத்திருந்தார். அடுத்த சில ஆண்டுகளில் உற்பத்தித்திறன் வேகமெடுத்தது, பணவீக்கமும் அடங்கியே இருந்தது.