அறிவியல் புனைகதைத் தொடர் ஒன்றை இருபது வருடம் தாங்கும்படி எடுப்பது எப்படி?

கேள்வி: திருகோணமலையில் நண்பர்கள் ஐந்து பேர் சேர்ந்து ஆறு பாகத்தில் ஓர் அறிவியல் புனைகதைத் தொடர் எடுக்கிறோம். புல்மோட்டைக் கறுப்பு மணலில் வேற்றுக்கிரகக் காட்சிகள், மற்றபடி பிளெண்டர் என்ற முப்பரிமாண மென்பொருளில் செய்த விண்கலங்கள். இருபது வருடம் கழித்து வரும் திரைகளிலும் பார்க்கக்கூடியதாக இருக்க வேண்டும். என்ன கமரா வாங்கலாம்?

பதில்:

கமராவைப் பற்றி அதிகம் கவலைப்படாதீர்கள். இன்று கடையில் கிடைக்கிற நடுத்தரக் கமராவே 4கேயில் எடுக்கும். 10 பிட் (நிறங்களை நுணுக்கமாகப் பதிவது), லொக் (வெளிச்சமும் இருளும் கூடுதலாக அடங்கும்படி பதிவது) இரண்டும் இருந்தால் போதும். இந்த வகைத் தொடர்கள் பழசாகிப் போனது பெரும்பாலும் கமராவால் இல்லை. கிராபிக்ஸ் செய்த விதத்தாலும், வேலை முடிந்த பிறகு எதை வைத்திருந்தார்கள், எதை எறிந்தார்கள் என்பதாலும்தான்.

பாபிலோன் 5 தொடரை எடுத்துக்கொள்ளுங்கள். 1993இல் முன்னோட்டப் படம், 1994 முதல் 1998 வரை தொடர். அதை எடுத்தவர்கள் எதிர்காலத்தை நினைக்காதவர்கள் என்று யாரும் சொல்ல முடியாது. வீட்டு ரிவி எல்லாம் 4:3 என்ற, சதுரத்துக்குக் கிட்டிய வடிவில் இருந்த காலத்தில், நடிகர்கள் வரும் காட்சிகளை சூப்பர் 35 பிலிமில், பிற்காலத்து அகலத்திரைக்கும் இடம் விட்டு எடுத்தார்கள். விண்வெளிக் காட்சிகளை மட்டும் கொம்பியூட்டரில், தொடக்கத்தில் அமீகா இயந்திரங்களில் லைட்வேவ் மென்பொருளை வைத்து, 4:3 அளவில் அன்றைய ரிவித் தரத்திலேயே ரெண்டர் செய்தார்கள், அதாவது மாதிரியிலிருந்து படமாக்கினார்கள். பிறகு அகலத்திரை டிவிடி வந்தது. 480 வரிப் படத்தில் மேலும் கீழுமாகக் கால்வாசியை வெட்டினால் மிஞ்சுவது 360 வரி. அதைத்தான் இழுத்துப் பெரிதாக்கினார்கள்.

டிவிடியைப் போட்டுப் பாருங்கள், புரியும். ஒருவர் நின்று பேசிக்கொண்டிருக்கும்போது முகம் தெளிவாக இருக்கும். அவர் துப்பாக்கியால் சுடுகிற ஷொட் வந்தவுடன் படம் முழுக்க மங்கிவிடும். கொம்பியூட்டரில் செய்த ஒளிக்கீற்றோடு சேர்த்து ஒட்டிய ஷொட் என்பதால் நடிகரும் அந்தச் சின்ன அளவுக்குள் அடைபட்டுப் போனார். அடுத்த ஷொட்டில் திரும்பத் தெளிவு. மறுபடி ரெண்டர் செய்திருக்கலாமே என்று கேட்பீர்கள். மூல பைல்களை ஒழுங்காக யாரும் சேர்த்து வைக்கவில்லை. அண்மையில் வந்த எச்டி பதிப்பு 4:3க்கே திரும்பிவிட்டது.

ஸ்டார் ட்ரெக்கின் 1987–1994 தொடரான நெக்ஸ்ட் ஜெனரேஷனின் கதை இதற்கு நேர்மாறு. அதை 35 மிமீ பிலிமில் எடுத்து, எடிட்டிங்கையும் கிராபிக்ஸ் ஒட்டும் வேலையையும் வீடியோ டேப்பில் செய்தார்கள். அப்படிப் பார்த்தால் முடிந்த தொடரின் தரம் டேப்பின் தரம்தான், அதோடு கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் கப்பல்களில் அநேகமானவை உண்மையான மாதிரிகள், அவற்றையும் பிலிமில் தனித்தனியாக எடுத்திருந்தார்கள். அந்த நெகட்டிவ்கள் பத்திரமாக இருந்தன. 2012 முதல் வந்த புளூரேக்காக நெகட்டிவ்களைத் தேடி எடுத்து, புதிதாக ஸ்கேன் செய்து, பழைய எடிட்டைப் பார்த்து ஷொட் ஷொட்டாகத் திரும்ப அடுக்கி, கப்பலையும் நட்சத்திரத்தையும் புதிதாக ஒட்டினார்கள். கிடைக்காத ஒரு சில ஷொட்களை மட்டும் பழைய டேப்பிலிருந்து பெரிதாக்கிப் போட்டார்கள். ஏழு பருவமும் அப்படி மீண்டன.

ஆகவே முடிந்த தொடரைக் காப்பாற்றுவது பாதி வேலைதான். அதைத் திரும்பக் கட்டுவதற்கு வேண்டிய துண்டுகளைக் காப்பாற்றுங்கள். நான் இங்கே கல்யாண வீடியோ, குறும்படம் என்று எடிட்டிங் செய்து பிழைக்கிறவன். எந்த வேலையிலும் முதலில் பார்ப்பது இதைத்தான்.

உங்கள் விஷயத்தில் சிக்கல் பிளெண்டரில்தான் வரும். போன வருடம் ஒரு நண்பர் தன் பழைய விண்கலத்தைக் கொண்டுவந்தார். பைல் திறந்தது, கலமும் வந்தது, ஆனால் மூக்கிலிருந்து வால்வரை பளபளவென்று ஊதா கலந்த ரோஸ் நிறம். கலத்தின் மேற்பரப்பில் ஒட்டும் டெக்ஸ்ச்சர் படம் கிடைக்காவிட்டால் பிளெண்டர் அப்படித்தான் காட்டும். துருவும் கீறலும் எழுத்தும் மினக்கெட்டு வரைந்த படங்கள் எல்லாம் வேறொரு கொம்பியூட்டரின் டி டிரைவில் இருந்தன, அந்தக் கொம்பியூட்டரை விற்றாயிற்று. எக்ஸ்டேர்னல் டேட்டா மெனுவில் பேக் ரிசோர்ஸஸ் என்று ஒன்று இருக்கிறது. அதை அழுத்திச் சேமித்தால் படங்கள் பைலுக்குள்ளேயே வந்துவிடும். எந்தப் பதிப்பில் செய்தீர்களோ அந்த பிளெண்டரின் இன்ஸ்டோலரையும், பயன்படுத்திய அடோன்களையும் (கூடுதல் கருவிகள்) அதே போல்டரில் போடுங்கள். ரெண்டரை எம்பி4 ஆக மட்டும் வைக்காதீர்கள். இஎக்ஸ்ஆர் என்ற உயர்தரப் பட வடிவில், ஒவ்வொரு பிரேமும் ஒரு படமான வரிசையாக, கலம் வேறு, புகை வேறு, பின்னணி வேறு என்று வையுங்கள். படச்சட்டத்தைச் சுற்றிலும் பத்து வீதமாவது கூடுதலாக ரெண்டர் செய்தால் நாளை திரையின் வடிவம் மாறினாலும் வெட்ட இடம் இருக்கும். கிராபிக்ஸ் ஒட்டுவதற்கு முந்திய புல்மோட்டை ஷொட்களை எக்காரணம் கொண்டும் அழிக்காதீர்கள்.

முடிந்தால் ஒரு கலத்தையாவது கையால் செய்து கமராவால் எடுங்கள். பலகை, பிளாஸ்டிக் குழாய், பழைய ரேடியோ உதிரிகள் போதும். கமரா பார்த்த பொருளுக்கு கமராவின் முழுத் தரமும் கிடைக்கும், ரெண்டருக்கு நீங்கள் காத்திருந்த நேரத்துக்குரிய தரம்தான். புல்மோட்டை மணலைத் தேர்ந்தெடுத்ததில் எனக்குப் பெரிய சந்தோஷம். இல்மனைட் என்ற கனிமம் கலந்த அந்தக் கறுப்புக்கு எந்த டெக்ஸ்ச்சரும் ஈடில்லை. அறிவியல் புனைகதை எழுத்தாளர் ஆர்தர் சி. கிளார்க் 1950களில் சுவாமி மலையடியில் மூழ்கிக் கோணேசர் கோயிலின் பழைய தூண்களைத் தேடிய ஊர் இது. இங்கிருந்து தமிழில் இப்படியொரு தொடர் வருவதென்றால் அது நிலைக்க வேண்டும் என்றுதான் இவ்வளவும் எழுதுகிறேன்.

பிரேம் வேகம் வினாடிக்கு 25. நமது மின்சாரம் 50 ஹேர்ட்ஸ் என்பதால் விளக்கு மினுங்கும் தொல்லை குறைவு. நடுவில் மாற்றாதீர்கள்.

ஒலியில் வசனம், இசை, மற்றச் சத்தங்கள் மூன்றையும் கட்டாயம் தனித்தனி ட்ராக்காக வையுங்கள். பிறகு சிங்களத்தில் குரல் கொடுக்க யாராவது கேட்டால் வசனத்தை மட்டும் மாற்றலாம். கலந்த ஒரே ட்ராக்தான் இருக்கிறது என்றால் இசையையும் திரும்பச் செய்ய வேண்டும். நடிகர்கள், இசையமைப்பாளர் எல்லோரிடமும் எந்தத் தளத்திலும் எக்காலத்திலும் வெளியிடலாம் என்று இப்போதே எழுதி வாங்குங்கள். நண்பர்கள்தானே என்று விடாதீர்கள்.

சரி, எங்கே வைப்பது? வினாடிக்கு 100 மெகாபிட்டில் எடுத்தால் மணிக்கு 45 ஜிபி. நாற்பது மணி நேரம் எடுத்தாலும் 1.8 டிபிதான். 4 டிபி ஹார்ட் டிஸ்க் இரண்டு வாங்குங்கள், மூன்றாவது பிரதி ஊருக்கு வெளியே. நம்முடைய கடற்காற்றுக்கு எதுவும் தப்பாது. இங்கே அலுமாரியில் கிடந்த கமரா டேப்பை எடுத்து அதன் சின்ன ஜன்னலால் பார்த்தால் சுருளின் விளிம்பில் வெள்ளைப் பூஞ்சணம் தெரியும். 2004 டிசம்பர் 26இல் கரையோர வீடுகளில் அல்பமும் கசெட்டும் ஒரே காலையில் போனதை நாங்கள் கண்டவர்கள். வவுனியாவிலோ கண்டியிலோ இருக்கிற உறவினரிடம் ஒரு டிஸ்க்கைக் கொடுங்கள். வெளியூர்ப் பிரதி எப்படிக் காப்பாற்றும் என்பதற்கு ஓர் உதாரணம்: பிபிசி தன் டாக்டர் ஹூ என்ற அறிவியல் புனைகதைத் தொடரின் 1960களின் அத்தியாயங்கள் பலவற்றை அழித்துவிட்டது. அவற்றில் ஒன்பது 2013இல் திரும்பக் கிடைத்ததாக அறிவித்தார்கள். கிடைத்த இடம் நைஜீரியாவின் ஜோஸ் நகரம், ஒளிபரப்புக்காக வெளிநாட்டுக்கு அனுப்பிய பிரதிகள் அவை. எஸ்எஸ்டியை கரண்ட் கொடுக்காமல் வருடக்கணக்கில் பூட்டி வைக்காதீர்கள், பதிந்தது மெல்ல மெல்ல அழியும். ஹார்ட் டிஸ்க்கையும் வருடத்துக்கு ஒரு தடவை செருகிப் பாருங்கள், ஐந்தாறு வருடத்தில் புதியதற்கு மாற்றுங்கள்.

முதல் பாகம் முடிந்ததும் அந்த டிஸ்க்கை இந்தத் தொடரில் வேலை செய்யாத ஒருவரிடம், வேறொரு கொம்பியூட்டரில் கொடுங்கள். நீங்கள் பக்கத்தில் நிற்காமல், அதில் இருப்பதை மட்டும் வைத்து ஒரு விண்வெளி ஷொட்டை அவர் திரும்பச் செய்து காட்டட்டும். அவருக்கு எங்கே தடை வருகிறதோ அதைத் திருத்திவிட்டு இரண்டாம் பாகத்துக்குப் போங்கள்.