மனம் சொல்வதெல்லாம் சரியா? வாசகர் கேள்விகளும் பதில்களும்

கேள்வி: என் மகன் கல்லூரியில் இரண்டாம் ஆண்டு படிக்கிறான். சிறு வயது முதல் சபையில் வளர்ந்தவன். அண்மைக் காலமாக எதைப் பற்றிக் கேட்டாலும், "என் மனதுக்குச் சரியென்று பட்டதைத்தான் செய்கிறேன், அது எப்படித் தவறாகும்?" என்கிறான். தத்துவ நூல் எதையும் அவன் தொட்டதில்லை. இந்த எண்ணம் அவனுக்கு எங்கிருந்து வந்திருக்கும், ஐயா?
- ஒரு தாய்

பதில்: சகோதரி, உங்கள் மகன் அந்த நூல்களைப் படித்திருக்க மாட்டான். ஆனால் அவற்றின் சாரம் ஊறிய கதைகளையும் பாட்டுகளையும் விளம்பரங்களையும் கேட்டே வளர்ந்திருக்கிறான். ஒரு சிந்தனையாளரின் பெயர் மறந்துபோய், அவருடைய கருத்து மட்டும் "இது எல்லோருக்கும் தெரிந்ததுதானே" என்று நிலைத்துவிடும்போதுதான் அதன் பிடி மிகவும் இறுகுகிறது. உங்கள் மகன் சொல்லும் அந்த ஒரு வரிக்குப் பின்னால் பலர் இருக்கிறார்கள் என்றாலும், நான் ஒருவரைப் பற்றியே எழுத விரும்புகிறேன். அவர் 1712-இல் ஜெனீவாவில் பிறந்து 1778-இல் மறைந்த ழான் ழாக் ரூசோ.

படைத்தவரின் கையிலிருந்து வரும்போது எல்லாம் நன்றாக இருக்கின்றன, மனிதனின் கையில்தான் அவை கெட்டுப்போகின்றன என்ற கருத்தோடு தொடங்குகிறது 1762-இல் வெளிவந்த அவருடைய 'எமீல்' என்ற நூல். மனிதன் இயல்பில் நல்லவன், அவனைக் கெடுப்பது சமுதாயம் என்பதே அதன் அடித்தளம். அந்த நூலைப் பாரிஸிலும் ஜெனீவாவிலும் தீயிட்டுக் கொளுத்தினார்கள். ஆனால் 1794-இல், புரட்சிக் காலத்துப் பிரான்ஸ் அவருடைய உடலை எடுத்துவந்து, நாட்டின் பெருமக்களுக்குரிய பாந்தியோனில் மரியாதையுடன் வைத்தது. அவருக்கு நியாயம் செய்யும் வகையில் ஒன்றைச் சொல்லியாக வேண்டும்: ஆசைப்பட்டதெல்லாம் சரி என்று ரூசோ சொல்லவில்லை, மனச்சாட்சியைப் பற்றித்தான் பேசினார். ஆயினும், தீமை வெளியிலிருந்துதான் வருகிறது என்று ஒருமுறை ஒப்புக்கொண்டுவிட்டால், உள்ளே கேட்கும் குரல்களில் எது மனச்சாட்சி, எது ஆசை என்று பிரித்துச் சொல்ல யாருமே இல்லாமல் போய்விடுகிறார்கள்.

இதை உணர இரண்டு திருட்டுகளைப் பார்ப்போம். இன்றைய அல்ஜீரியாவில் உள்ள தகாஸ்தே என்ற ஊரில் பிறந்த அகஸ்தீன் (354-430) 'அறிக்கைகள்' என்று தம் வாழ்க்கையை எழுதினார். ஏறத்தாழ 1400 ஆண்டுகளுக்குப் பின் ரூசோவும் அதே பெயரில் ஒரு நூல் எழுதினார். இருவருமே தங்கள் நூலின் இரண்டாம் பாகத்தில், பதினாறு வயதளவில் செய்த ஒரு திருட்டைச் சொல்கிறார்கள்.

அகஸ்தீனும் அவருடைய நண்பர்களும் இரவில் பக்கத்துத் தோட்டத்திற்குள் புகுந்து பேரிக்காய் மரத்தை உலுக்கினார்கள். பசிக்காகத் திருடவில்லை. அந்தக் காய்கள் அழகாகவும் இல்லை, சுவையாகவும் இல்லை. பெரும்பாலானவற்றைப் பன்றிகளுக்கு எறிந்துவிட்டார்கள். இவ்வளவு அற்பமான ஒரு செயலை விட்டு நகர அகஸ்தீனுக்கு மனம் வரவில்லை. ஏன் செய்தேன், தனியாக இருந்திருந்தால் செய்திருப்பேனா என்று துருவித் துருவிக் கேட்டு, 'தவறையே தவறுக்காக நேசித்தேன்' என்ற இடத்தில் வந்து நிற்கிறார். "எல்லாவற்றைப்பார்க்கிலும் இருதயமே திருக்குள்ளதும் மகா கேடுள்ளதுமாயிருக்கிறது, அதை அறியத்தக்கவன் யார்?" என்று எரேமியா (17:9) கேட்டதை இவர் தம் சொந்த வாழ்க்கையில் கண்டார்.

ரூசோ அப்போது இன்றைய இத்தாலியில் உள்ள தூரின் நகரில் ஒரு சீமாட்டியின் வீட்டில் வேலைக்காரராக இருந்தார். அவள் இறந்தபின் வீட்டுப் பொருள்களைக் கணக்கெடுத்தபோது, வெள்ளி இழையோடிய ஒரு பழைய இளஞ்சிவப்பு ரிப்பன் அவரிடம் அகப்பட்டது. யார் கொடுத்தது என்று கேட்டதும், சமையல் வேலை செய்த மரியோன் என்ற ஏழைப் பெண்ணின் பெயரைச் சொல்லிவிட்டார். அவள் கோபப்படவில்லை. நீ நல்லவன் என்று நினைத்திருந்தேன், என்னைத் துயரத்தில் தள்ளிவிட்டாய், ஆனாலும் உன் நிலையில் இருக்க எனக்கு விருப்பமில்லை என்ற பொருள்பட மட்டும் சொன்னாள். இருவரையும் வேலையிலிருந்து நீக்கினார்கள். அந்தக் குற்றத்தின் வேதனை தம்மை விட்டு நீங்கவே இல்லை என்று ரூசோ எழுதுவதை நான் முழுவதுமாக நம்புகிறேன். ஆனால் அடுத்து அவர் எழுதுவதைப் பாருங்கள்: அந்த ரிப்பனை அவளுக்கே கொடுக்க எண்ணியிருந்ததால்தான் அவள் பெயர் வாயில் வந்தது, அந்தக் கொடிய கணத்திலும் என் மனதில் தீய எண்ணம் துளியும் இல்லை, தனியே அழைத்து அன்பாகக் கேட்டிருந்தால் உண்மையைச் சொல்லியிருப்பேன், பிறகு நான் பட்ட துன்பங்களே அதற்கு ஈடாகிவிட்டன.

அவருடைய மனம் அவருக்குத் தந்த தீர்ப்பு இது. வேலையையும் நற்பெயரையும் இழந்து தெருவுக்கு வந்த மரியோன் இந்தத் தீர்ப்பை ஏற்றுக்கொண்டிருப்பாளா? உங்கள் மகனிடம் வாதாடாமல் இந்த இரண்டு கதைகளையும் சொல்லி, இந்த ஒரு கேள்வியை மட்டும் கேளுங்கள், சகோதரி. கடைசி நியாயத்தீர்ப்பின் எக்காளம் தொனிக்கும்போது இந்தப் புத்தகத்தைக் கையில் ஏந்தி நியாயாதிபதியின் முன் வந்து நிற்பேன் என்று ரூசோ தம் நூலைத் தொடங்குகிறார். அகஸ்தீனோ, 430-இல் வாண்டல்கள் என்ற படையெடுப்பாளர்கள் அவர் பேராயராக இருந்த ஹிப்போ நகரை முற்றுகையிட்டிருந்த நாட்களில், மனந்திரும்புதலின் சங்கீதங்களை எழுதிச் சுவரில் மாட்டச் செய்து, படுக்கையில் கிடந்தபடி அவற்றை வாசித்து அழுதுகொண்டே மரித்தார்.

கேள்வி: ஆசிரியர் பயிற்சியில் ரூசோ, பெஸ்டலாசி, ஃபுரோபெல் ஆகியோரைப் பெரிய கல்வியாளர்கள் என்று படித்தோம். ஆனால் ரூசோ தம் பிள்ளைகளையே கைவிட்டவர் என்கிறார்கள். அப்படியானால் அவர் சொன்னதையெல்லாம் ஒதுக்கிவிட வேண்டுமா?
- ஓய்வுநாள் பள்ளி ஆசிரியை ஒருவர்

பதில்: தம் ஐந்து குழந்தைகளையும் பாரிஸில் இருந்த அநாதைக் குழந்தைகள் விடுதியில் விட்டதை ரூசோவே எழுதியிருக்கிறார். தகப்பனுக்குரிய கடமையைச் செய்ய முடியாதவனுக்குத் தகப்பனாக உரிமையில்லை என்று 'எமீல்' நூலில் அவர் எழுதிய இடத்தை வாசிக்கும்போது எனக்குக் கண்டிக்கத் தோன்றவில்லை, மனம் கனத்துப்போகிறது.

ஆனாலும் அவரை ஒதுக்க வேண்டாம். நகரத்து வசதியான வீடுகளில் பிறந்த சிசுக்களைச் செவிலியரிடம் அனுப்பிவிடும் வழக்கம் இருந்த காலத்தில், தாயே பாலூட்ட வேண்டும், குழந்தையைத் துணியால் இறுகச் சுற்றிக் கட்டக் கூடாது, குழந்தை ஒரு குட்டிப் பெரியவன் அல்ல என்று அவர் எடுத்துச் சொன்னார். அந்த எண்ணம் பெஸ்டலாசியைத் தொட்டது. அவர் வழியாக ஃபுரோபெல்லை எட்டியது. 1840-இல் ஃபுரோபெல் தம் பள்ளிக்குக் 'கிண்டர்கார்டன்' என்று பெயரிட்டார். எல்.கே.ஜி., யு.கே.ஜி. என்று நம் பிள்ளைகளைச் சேர்க்கிறோமே, அந்த 'கே.ஜி.' இதுதான்.

அதே சமயம், குழந்தையிடம் கனிவாக இருக்க வேண்டுமானால் பாவ சுபாவத்தை மறுத்தாக வேண்டும் என்று எண்ணிவிடாதீர்கள். ரூசோவுக்கு ஒரு நூற்றாண்டு முந்தியே, பொகேமியச் சகோதரர் சபையின் பேராயரான கொமேனியுஸ் 1658-இல் குழந்தைகளுக்கென்று படங்களோடு ஒரு பாடநூலை வெளியிட்டார். மனிதனின் வீழ்ச்சியை முழுமையாக நம்பியவர் அவர். அதனாலேயே பிள்ளைகளைப் பொறுமையோடும் மகிழ்ச்சியோடும் கற்பிக்க வேண்டும் என்றார். உங்கள் வகுப்பில் படம் காட்டிக் கதை சொல்லும்போது நீங்கள் அவருடைய வழியில்தான் நடக்கிறீர்கள்.

கேள்வி: "லௌகிக ஞானத்தினால்" ஒருவனும் நம்மைக் கொள்ளைகொண்டுபோகாதபடிக்கு எச்சரிக்கையாயிருக்கச் சொல்கிறதே கொலோசெயர் 2:8? விசுவாசிகள் இப்படிப்பட்டவர்களைப் படிக்கலாமா?
- கல்லூரி மாணவர் ஒருவர்

பதில்: படிக்கலாம், தம்பி. எச்சரிக்கையாயிருக்கச் சொன்ன அதே பவுல்தான் ஏதென்ஸில், "உங்கள் புலவர்களிலும் சிலர், நாம் அவருடைய சந்ததியார் என்று சொல்லியிருக்கிறார்கள்" என்று கிரேக்கக் கவிதையை எடுத்துக்காட்டினார் (அப். 17:28). அகஸ்தீனுக்கும் பத்தொன்பதாம் வயதில் ஞானத்தின்மேல் தாகத்தை உண்டாக்கியது ரோமச் சிந்தனையாளர் சிசரோ எழுதிய ஒரு நூல்தான். ஆனால் கிறிஸ்துவின் நாமம் அதில் இல்லையே என்ற குறை அப்போதே அவரை உறுத்தியது. படிக்கும்போது அந்த உறுத்தல் உங்களுக்கும் இருக்கட்டும். தொடங்குவதற்கு, மேலே சொன்ன இரண்டு 'அறிக்கைக'ளின் இரண்டாம் பாகங்கள் போதும். பேரிக்காய்ப் பகுதி சில பக்கங்கள்தான். முதலில் ரூசோவைப் படியுங்கள், அவர் காட்டும் காரணங்களுக்கு மனம் எங்கெங்கே இணங்குகிறது என்று குறித்துக்கொள்ளுங்கள், அதன்பின் அகஸ்தீனைத் திறவுங்கள்.