சாவிப் பரிமாற்றத்தில் ஓட்டை தேடுவதும் ஒரு வேலைதான்

கணினி அறிவியல் மூன்றாம் ஆண்டு படிக்கும் உங்கள் மகள், நெட்வொர்க் சாவிப் பரிமாற்ற நெறிமுறைகளில், அதாவது கணினிகள் ரகசியச் சாவியை ஏற்படுத்திக்கொள்ளப் பேசும் விதிகளில், ஓட்டை தேடும் துறைக்குப் போகிறேன் என்கிறாள். "இது ஹேக்கிங்தானே, போலீஸ் கேஸ் ஆகிவிடாதா?" என்று கேட்டிருந்தீர்கள். பயம் புரிகிறது. முதலில் அது என்ன வேலை என்று பார்த்துவிடுவோம்.

முன்பின் பழகாத இரண்டு கணினிகள், எவரும் ஒட்டுக்கேட்கக்கூடிய வழியில் பேசிப் பேசியே தங்களுக்குள் ஒரு ரகசியச் சாவியை, அதாவது செய்திகளைப் பூட்டித் திறக்கும் எண்ணை, உண்டாக்கிக்கொள்ள வேண்டும். 1976-ல் டிஃபி, ஹெல்மன் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் அதற்கு ஒரு கணக்கு சொன்னார்கள். நல்ல கணக்கு. ஆனால் எதிரில் பேசுவது யார் என்று அது சொல்லாது. நடுவில் ஒருவன் புகுந்து இரு பக்கமும் தனித்தனிச் சாவி போட்டுக்கொண்டால் இருவருக்குமே தெரியாது.

ஓட்டைகள் பலவும் இப்படித்தான், கணக்கை விட்டுவிட்டுப் பேச்சின் வரிசையில் ஒளிந்திருக்கும். இரு கணினிகள் ஒன்றையொன்று அடையாளம் காண 1978-ல் வந்த நீதம்–ஷ்ரோடர் நெறிமுறையில் 17 ஆண்டுகள் கழித்து காவின் லோவ் என்ற ஆராய்ச்சியாளர் ஓர் ஓட்டையைக் கண்டார். பதில் செய்தியில் அனுப்புபவரின் பெயர் இல்லை, அவ்வளவுதான். பெயரைச் சேர்த்ததும் அடைபட்டது.

வைஃபைக்கு வருவோம். டபிள்யூபிஏ2 என்ற வைஃபை பாதுகாப்பு முறையில் போனும் ரூட்டரும் நான்கு செய்திகள் பரிமாறிக்கொள்ளும். மூன்றாவது வந்ததும் போன் சாவியைப் பொருத்திக்கொள்ளும். அதே மூன்றாவது செய்தி மறுபடி வந்தால்? பல கருவிகள் அதே சாவியை மறுபடி பொருத்தி, பாக்கெட் (தகவல் துண்டு) எண்ணிக்கையையும் பழையபடி ஆரம்பத்திலிருந்தே தொடங்கின. ஒரே சாவியும் ஒரே எண்ணும் இரண்டு முறை வந்தால் மறையாக்கம் ஆட்டம் கண்டுவிடும். இதைக் கண்டுபிடித்த ஆராய்ச்சியாளர் மேத்தி வான்ஹூஃப் முதலில் தயாரிப்பாளர்களிடம் தெரிவித்து, திருத்த அவகாசம் கொடுத்து, 2017 அக்டோபரில்தான் வெளியிட்டார். உங்கள் போலீஸ் கேள்விக்கு என் பதிலும் இதுதான்: சொந்தக் கருவியில் சோதிக்க வேண்டும், பிறருடையதென்றால் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும், கண்டதை உரியவரிடம் முதலில் சொல்ல வேண்டும். இதில் மட்டும் அவளுக்கு எந்தச் சலுகையும் தராதீர்கள்.

மூன்றே மாதத்தில் ஹேக்கர் ஆக்குகிறோம் என்னும் பயிற்சிக்குப் பணம் கட்ட வேண்டாம். எண் கோட்பாடு, நிகழ்தகவு, சி மொழி, இவை மூன்றும் கைவசம் இருக்கட்டும். இணையதளங்களோடு பாதுகாப்பாகப் பேச உதவும் டிஎல்எஸ் 1.3 நெறிமுறையை விளக்கும் ஆர்எஃப்சி 8446 என்ற ஆவணம் இலவசமாகக் கிடைக்கிறது. அதைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, நெட்வொர்க் போக்குவரத்தைப் பார்க்க உதவும் வயர்ஷார்க் மென்பொருளில் தன் லேப்டாப்பின் ஹேண்ட்ஷேக்கை (சாவியை ஏற்படுத்தும் முதல் பேச்சை) பிடித்து வரிவரியாக ஒப்பிட்டுப் பார்க்கட்டும். அப்புறம் நெறிமுறையில் ஓட்டை இருக்கிறதா என்று தானே சரிபார்க்கும் புரோவெரிஃப், டாமரின் கருவிகளைத் தொடலாம்.

வேலை விஷயத்தில் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். படிப்பு முடிந்ததுமே இதற்கென்று தனி வேலை கிடைப்பது அரிது. நெட்வொர்க் பாதுகாப்பு, மென்பொருள் உருவாக்கம் வழியாக உள்ளே வருகிறவர்களே அதிகம். ஆராய்ச்சி என்றால் மேற்படிப்பு வேண்டும். குவாண்டம் கணினியின் தாக்குதலைத் தாங்கும் சாவி முறைக்கு 2024 ஆகஸ்டில் அமெரிக்க அரசின் தரநிலை அமைப்பான நிஸ்ட் தரநிலை வெளியிட்டது. பழைய முறைகளை மாற்றுவது நாள்பிடிக்கும் வேலை, அதனால் இந்தத் துறையில் ஆள் தேவை இருக்கும் என்று நம்புகிறேன்.

இந்த வாரம் அந்த நான்கு வைஃபை செய்திகளையும் தாளில் வரைந்து உங்களுக்கு விளக்கச் சொல்லுங்கள். நான்காவது செய்தி வழியில் தொலைந்தால் என்ன ஆகும் என்று கேளுங்கள். உடனே பதில் வராவிட்டாலும் பரவாயில்லை. பென்சிலைக் கீழே வைக்காமல் யோசிக்கிறாளா என்று பாருங்கள்.