அமெரிக்காவில் இல்லினாய் மாநிலத்தின் நாவூ ஊரில் உள்ள மார்மன் ஆலயத்துக்குள் எங்கள் சுற்றுலாக் குழுவின் 40 பேரும் போக முடியுமா?

முடியாது. நாவூவில் இப்போது நிற்கும் ஆலயத்துக்குள் சபை கொடுக்கும் பரிந்துரைச் சீட்டு வைத்திருக்கும் மார்மன் உறுப்பினர்கள் மட்டும்தான் போகலாம், உங்கள் குழுவில் பாதிப் பேர் வேறு சபை என்கிறீர்கள், அவர்கள் வெளியே சுற்றிப் பார்த்துப் படம் எடுத்துக்கொள்ளலாம். இந்த ஆலயம் 2002இல் திரும்பக் கட்டியது. எல்லோரும் உள்ளே போய்ப் பார்க்கக்கூடியது ஒஹையோவில் உள்ள கர்ட்லண்ட் ஆலயம், 1836இல் பிரதிஷ்டை செய்தது. இரண்டு முனையிலும் அடுக்கடுக்காகப் பிரசங்க மேடை, எந்தப் பக்கம் பேசுகிறார்களோ அந்தப் பக்கம் திரும்பி உட்கார வசதியான இருக்கைகள். எனக்கு நாவூவைவிட இதுதான் பிடித்தது.

உங்களிடம் உள்ள பயணக் குறிப்பு பழையதாக இருக்கும், குழப்பம் அங்கேதான். 2024 மார்ச் வரை கர்ட்லண்ட் ஆலயமும் நாவூவில் மார்மன் சபையைத் தொடங்கிய ஜோசப் ஸ்மித்தின் வீடும், அதே மரபில் வந்த வேறு சபையான கம்யூனிட்டி ஆஃப் கிரைஸ்டிடம் இருந்தன, டிக்கெட்டும் உண்டு. அப்புறம் மார்மன் சபை வாங்கிவிட்டது, இப்போது இலவசம். குறிப்பில் கட்டணம் போட்டிருந்தால் அது அதற்கு முந்தையது என்று வைத்துக்கொள்ளுங்கள். 'கமோரா குன்று நாடகம்' (நியூயார்க் மாநிலத்தில் மார்மன் சபை நடத்திய திறந்தவெளி நாடகம்) என்று இருந்தாலும் அடித்துவிடுங்கள், அது 2019உடன் நின்றுவிட்டது.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். ஜோசப் ஸ்மித் 1844இல் கொல்லப்பட்ட, நாவூவுக்குப் பக்கத்து ஊரான கார்த்தேஜின் சிறையில் மாடி அறை சின்னது, துப்பாக்கிக் குண்டு துளைத்த கதவைப் பார்க்க எல்லோரும் முண்டுவார்கள். 40 பேர் ஒரே தடவையில் ஏற முடியாது, இரண்டு மூன்றாகப் பிரித்து முன்கூட்டியே நேரம் கேட்டு வையுங்கள். கர்ட்லண்டிலிருந்து நாவூவுக்கு பஸ்ஸில் முழுசாக ஒரு நாள் போய்விடும், அதையும் கணக்கில் சேருங்கள்.